பாவு நீட்டும் நிலத்துக்கு உன் கையெழுத்து

என் செல்ல மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பகல் தபாலில் வந்தது. கல்யாணத் தேதி, பெண் வீட்டாரின் விவரம், டில்லியில் நீ பார்த்து வைத்திருக்கிற வீடு என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு மலை வரைந்திருந்தாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணச் சேதியைவிட அந்தப் படத்துக்குத்தான் அதிகமாகத் துள்ளினேன் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். எனக்குப் பொருளாதாரம் படித்த பிள்ளை படம் போட்டு விளக்குகிறான் என்பதே பெருமை. அந்தப் படமும் என் கண்ணால் பார்த்த ஒன்றாக இருந்தால் சும்மா இருக்க முடியுமா?

ஒரு நாடு ஏழையாக இருக்கும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏழை. முன்னேறத் தொடங்கியதும் சிலர் மட்டும் மேலே போகிறார்கள், இடைவெளி மலை மாதிரி ஏறுகிறது. நாடு இன்னும் முன்னேறினால் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொள்ள, அது தானாக இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். உங்கள் பேராசிரியர்களுக்குள் இதில் சண்டை உண்டு என்றும் எழுதியிருக்கிறாய். அவர்கள் சண்டையை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நம் முசரவாக்கத்தில் அந்த மலை ஏறியதை நான் பார்த்தேன்டா! ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. இறங்கத் தொடங்கியதையும் பார்த்தேன். ‘தானாக’ என்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கும் உனக்கும் தகராறு.

ஏனென்றால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் வாய்க்கால் ஓரத் துண்டு நிலத்தை விற்கச் சொல்கிறாய். காஞ்சிபுரத்து ஜவுளி வியாபாரி நல்ல விலை கேட்கிறார், சுவர் எழுப்பிக் கிடங்கு கட்டிக்கொள்வார், அந்தப் பணம் டில்லி வீட்டுக்கு ஆகும், இப்போது அங்கே பாவு நீட்டுகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், காலப்போக்கில் எல்லாம் சமமாகிவிடும் என்கிறாய். அப்பா போன பிறகு அந்த நிலம் உன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் நானும், என் கையெழுத்து இல்லாமல் நீயும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நான் சொல்லப்போவதைப் பொறுமையாகக் கேள். நீளமாகத்தான் இருக்கும். பசித்தால் சாப்பிட்டுவிட்டு வந்து படி.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நமக்கு ஐந்து ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் மேலே வர இரண்டு ஆள் வேண்டும். காலனித் தெருக் கன்னியப்பனும் அவன் அண்ணனும் விடிவதற்குள் ஏற்றத்துக்கு வந்துவிடுவார்கள். ஒருவன் ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பான், இன்னொருவன் கீழே நின்று சால் வாளியைச் சாய்த்துத் தண்ணீரை வாய்க்காலில் விடுவான். அப்படி வந்த தண்ணீரில் ஒரு போகம் விளைந்தது. மழை பொய்த்த வருஷத்தில் அவர்கள் வீட்டிலும் கேழ்வரகுக் கூழ், நம் வீட்டிலும் கேழ்வரகுக் கூழ். நம் கூழில் மோர் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், அது முழு உண்மை இல்லை. நிலம் நம்முடையது, அவர்கள் நம் வாசற்படி ஏறமாட்டார்கள். ஆனால் வயிற்றைப் பொறுத்தவரை இரண்டு தெருவுக்கும் பெரிய தூரம் இல்லை.

பிறகு ஊருக்குள் மின்கம்பம் வந்தது. அப்பா கடன் வாங்கி மோட்டார் போட்டார். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டு நான் சாணிக் கையோடு ஓடினேன். நீ சட்டையோடு தொட்டியில் குதித்தாய். கன்னியப்பனும் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா அவனிடம், “இனிமே ஒனக்கு கால் வலி இல்ல கன்னியப்பா,” என்றார். “ஆமா ஆண்டே, வேலயும் இல்ல,” என்றான் அவன், அதே சிரிப்போடு. நாங்கள் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தோம்.

அடுத்த நாலைந்து வருஷத்தில் நாம் எப்படி ஏறினோம் என்று உனக்கே நினைவிருக்கும். ஒரு போகம் இரண்டாச்சு. குட்டை ரக நெல் வந்ததும் மூன்றாச்சு. கூரை போய் மாடி வந்தது, ரேடியோ வந்தது, உனக்கு மெட்ராஸ் காலேஜ் வந்தது. காலனித் தெருவில் ஒரு ஓலைகூட மாறவில்லை. ஏற்றத்தில் இருந்த ஆட்களுக்கு வேலை போனதால் நடவுக்கும் அறுப்புக்கும் கூட்டமாக வந்து நின்றார்கள். கூட்டம் இருந்ததால் பழைய கூலியையே கொடுத்தோம். உன் மலை அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது, நான் அதன் உச்சியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். உழைத்தோம், வந்தது என்று நினைத்தேன். பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை.

கன்னியப்பன் டவுனுக்குப் போய்விட்டான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் கூலிக்குச் சேர்ந்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை பட்டு இழையைத் தொட்டால் இழை தோலில் மாட்டிக்கொண்டு வரும். அதற்காகவே அவன் மாதக்கணக்கில் இரண்டு கையையும் செங்கல்லில் உரசி, விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடந்தானாம். ஊரில் நாங்கள் அதையும் சொல்லிச் சிரித்தோம். மூன்று வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து குடிசைக்குள் குழி தோண்டி ஒரு தறி போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி பச்சையம்மாள் அவனுக்கும் மேல். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, இரண்டாவது தறியில் அவளே உட்கார்ந்தாள்.

இதைக் கேள், உன் படத்தில் இது இருக்கிறதா என்று பார். அந்தத் தெருவுக்குள்ளேயே ஒரு குட்டி மலை எழுந்தது. கன்னியப்பன் வீட்டுக்கு ஓடு. ஒட்டினாற்போல் இருக்கிற அவன் அண்ணன் வீட்டுக்குக் கிழிந்த கூரை. ஏற்றத்தில் ஒன்றாக நின்ற இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. கருட சேவைக்கு இவர்கள் புதுத்துணியில் போனால் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அது எவ்வளவு நாள் நீடித்திருக்குமோ! ஒருநாள் அண்ணன் பெண்டாட்டி வெட்கத்தை விட்டு வந்து, “எங்களுக்கும் கத்துக் குடேன்,” என்று கேட்டாள். பச்சையம்மாள் அவளை அன்றே தறியில் உட்கார வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் நாலு பேர். கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து நூல் நேராக வாங்கத் தொடங்கினார்கள். நீ காலேஜ் முடிக்கிற சமயத்தில் அங்கே நாற்பது வீட்டில் தறிச் சத்தம்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அப்பா போய் முதல் வருஷம், சாகுபடி முழுக்க என் தலையில். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நடவுக்கு ஒரு ஆள் இல்லை. கூட்டமாக வந்து நம் வாசலில் நின்ற தெருவுக்கு நானே நடந்து போனேன். அதுவே எனக்கு எரிச்சல். பச்சையம்மாள் வாசலிலேயே இருந்தாள்.

“நாத்து வீணாவுது பச்சையம்மா. நாளைக்கு பத்து பேரை அனுப்பு.”

“நாளைக்கி பாவு நீட்டறோம்மா. எல்லாருக்கும் அங்கதான் வேலை. நாளன்னிக்கி வரோம். ஆனா பழைய கூலிக்கு யாரும் வர மாட்டாங்கமா. தறியில குந்தினா இதவிட ரெண்டு மடங்கு வருது.”

மலை இறங்குகிறது என்று எவ்வளவு அழகாக எழுதுகிறாய். உச்சியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படி இருந்தது தெரியுமா? அவள் என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் உழைத்துச் சம்பாதித்தது அவளுக்கு. என் மூன்று போகமும் மாடியும் அப்படியே இருக்கின்றன. ஒரு பிடி நெல் குறையவில்லை. ஆனாலும் வழியெல்லாம் நெஞ்சு கொதித்துக்கொண்டே வந்தேன்.

பாவு என்றால் என்ன என்று டில்லி மருமகளுக்கு நீதான் சொல்ல வேண்டும். புடவையின் நீள இழைகள் தறிக்குப் போவதற்கு முன், அவற்றை விடியற்காலையில் நேராக நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு அக்கம்பக்கம் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். காலனித் தெரு குட்டை, அதுவும் கோணல். அந்தப் பக்கத்தில் நீளமாக, நேராக, நிழலும் வெளிச்சமுமாக இருக்கிற ஒரே இடம் நம் வாய்க்கால் ஓரத் துண்டுதான். அப்பா காலத்திலிருந்தே அங்கே நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

மறுநாள் விடியலில் நான் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். அரக்கு நிறப் பாவு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நீண்டு கிடந்தது. பன்னிரண்டு பேர் இருப்பார்கள். நான் வாய்க்கால் மடையை அடைத்துவிட்டு, மோட்டாரின் பச்சைப் பித்தானை அமுக்கினேன். ஆமாம், வேண்டுமென்றேதான். வாய்க்கால் நிரம்பி வழிந்து அந்தத் துண்டு முழுக்கச் சேறும் தண்ணீருமாகப் பரவியது. அவர்கள் கத்தவில்லை, ஓடவில்லை. பன்னிரண்டு பேரும் பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கணுக்கால், பிறகு முழங்கால் வரை தண்ணீர். அது சங்கத்து நூல். சேறு பட்டால் ஒரு வருஷம் உழைத்து ஈடு கட்ட வேண்டும். பச்சையம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“மோட்டார நிறுத்துமா. கை வலிக்குது.”

அவ்வளவுதான் கேட்டாள். நான் அசையவில்லை. “நடவுக்கு வரீங்களா, சொல்லு,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் மோட்டார் நின்றது.

நான் நிறுத்தினேன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. “அம்மா மனசு எளகிட்டாங்க” என்று பச்சையம்மாள்தான் முதலில் குரல் கொடுத்தாள். நடவுக்கு ஆள் வந்தது, புதுக் கூலிதான், நானும் பேசாமல் கொடுத்தேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். நீ பெருமைப்பட்டு எழுதிய பதிலை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். மகனே, நான் நிறுத்தவில்லை. கரண்ட் போய்விட்டது. கொட்டகை பல்பு அணைந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பல்பு திரும்ப எரிந்தது. மோட்டார் தானாக ஓடாது, பித்தானை மறுபடி அமுக்க வேண்டும். என் விரல் அதன் மேலேயே இருந்தது. அதற்குள் அத்தனை பேரும் என்னை நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அமுக்க முடியவில்லை. என் நல்லதனம் அவ்வளவுதான்.

அன்று தண்ணீர் தானாகத்தான் நின்றது. உங்கள் பேராசிரியர் வந்து பார்த்திருந்தால் ‘பார், தானாக இறங்கியது’ என்று சந்தோஷமாகக் கோடு போட்டிருப்பார். பித்தான் மேல் ஒரு விரல் இருந்தது அவர் கோட்டில் எங்கே தெரியும்? மலை இறங்குவதற்கு எத்தனை சங்கதி கூடி வர வேண்டியிருந்தது பார். ஒருவன் கையைச் செங்கல்லில் உரசினான். ஒருத்தி பகையை மறந்து தறியில் உட்கார இடம் கொடுத்தாள். சங்கத்தில் நூல் கிடைத்தது. நீட்டுவதற்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்துவிட்டால், அவர்களில் பாதிப் பேர் மறுபடி நடவுக்கு வந்து நம் வாசலில் நிற்பார்கள், நாமும் பழைய கூலியைக் கொடுப்போம். வியாபாரி எழுப்பப்போகிற சுவரும் நான் அமுக்கிய பித்தானும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. டில்லி வீட்டுக்கு என் கிழக்கு நிலத்தை விற்றுத் தருகிறேன், மனசாரத் தருகிறேன். வாய்க்கால் ஓரத் துண்டை அந்த நாற்பது வீட்டுக்கு இனாமாக எழுதிக் கொடுத்துவிடுவோம். நீ வந்து கையெழுத்துப் போடு.

இதுவரை எழுதிவிட்டு உறையில் போடாமல் மூன்று நாள் வைத்திருந்தேன். இவ்வளவு பெரிய பொய்யை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டால் போதுமா என்று ஒரு குடைச்சல். இன்று அமாவாசை, தறி ஓடாது. பச்சையம்மாளைக் கூப்பிட்டனுப்பினேன். கூடத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். பல்பு அணைந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு படித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்மா. பல்பு அணைஞ்சத பாத்துக்கினுதானே இருந்தேன்.”

“தெரிஞ்சுமா, நான் மனசு எளகிட்டேன்னு கத்தினே?”

“பின்ன? கரண்ட் திரும்ப வரும், நீங்க திரும்ப போடுவீங்க. அம்மா நல்லவங்கன்னு நாலு பேரு காதுல உளுந்துட்டா, அப்புறம் உங்களுக்கு கை வராது. அதான் கத்தினேன்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார்! முழங்கால் தண்ணீரில், கை நோகப் பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள், அந்த ஒரு நொடியில் எவ்வளவு கணக்குப் போட்டிருக்கிறாள்! மோட்டாரை நிறுத்தியது கரண்ட்டும் இல்லை, நானும் இல்லை. நிறுத்தியது அவள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடித்தோம்.

அதற்கப்புறம்தான் மீதியைப் படித்தேன். இனாம் என்கிற வார்த்தை வந்ததும் அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“இனாம் வேணாம்மா. வியாபாரி ஆளு வந்து சங்கிலி போட்டு அளந்தப்பவே எங்களுக்கு பயம் வந்திடுச்சி. அன்னியிலேர்ந்து நாப்பது வூடும் சீட்டு கட்டிக்கினு வரோம். அவுரு என்னா வெல சொல்றாரோ, அதே வெலைக்கி எங்களுக்கு குடுங்க.”

“அவ்வளவு வேணாம்டீ. குறைச்சுக்கறேன்.”

“வேணாம்மா. கொறச்சா நாளைக்கி உங்க பேரன் வந்து, எங்க பாட்டி போட்ட பிச்சன்னு சொல்லுவான்.”

பிறக்காத உன் பிள்ளைமேல் இப்போதே பழி! ஒரு மணி நேரம் பேரம் பேசினோம். விற்கிறவள் விலையைக் குறைக்கிறேன் என்கிறாள், வாங்குகிறவள் குறைக்காதே என்கிறாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். டில்லி வீட்டுப் பணத்துக்கு நீ கவலைப்பட வேண்டாம். அந்த நாற்பது வீட்டிலிருந்து முழுசாக வருகிறது. நான் வாரிக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தேனே, எனக்கு அந்த வேலையும் இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் தோற்றதில்லை.

இதை அனுப்பாமல் இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தேன், அதற்குள் பத்திரம் தயாராகிவிட்டது. என் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கன்னியப்பனும் அவன் அண்ணனும் ஒரே பக்கத்தில், ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவர் பெயராகப் போட்டிருக்கிறார்கள். உன் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கல்யாணத்துக்கு வருகிற ரயிலை ஒரு வாரம் முன்னதாக ஏறு. வந்ததும் முதல் காரியம் ரிஜிஸ்தர் ஆபீஸ், அப்புறம்தான் முகூர்த்தப் புடவை. வாங்குகிறவர்கள் காத்திருக்கிறார்கள், மகனே. அவர்களைக் காக்க வைத்தது போதும்.

உன் அம்மா